மீன் தொட்டிக்கும் உறை வேண்டும்



ஆடு, கறவை மாடு, கோழி என்று குழுவில் கடன் வாங்கி வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. இப்போது சில ஊர்களில் வண்ண மீனும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் சென்னை கொளத்தூர் பெயர் பெற்ற இடம். அங்கே போய் வந்தவர்கள், கடைத்தெருவில் பார்த்தவர்கள், "வீட்டுல ஒரு தொட்டி வெச்சா பிள்ளைங்களும் ஆசையா பார்ப்பாங்க, குட்டி போட்டா நாலு காசும் வரும்" என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நல்ல எண்ணம்தான்.

ஆனால் ஊர் ஊராகப் போகும்போது நாங்கள் இன்னொன்றையும் பார்க்கிறோம். ஆசையாக வாங்கிய கண்ணாடித் தொட்டி ஒரே மாதத்தில் காலியாகி, திண்ணை ஓரத்தில் வெங்காயம் கொட்டி வைக்கக் கிடக்கிறது. மீன் போய்விட்டது, தவணை மட்டும் போகவில்லை. மாதக் கூட்டம் வந்தால் அசலும் வட்டியும் கட்டித்தான் ஆக வேண்டும்.

எப்படிச் செத்தது என்று கேட்டால் பல இடங்களில் ஒரே பதில்தான் வருகிறது. "மூணு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மொத்தத்தையும் கொட்டி, தொட்டியத் தேச்சுக் கழுவி, புதுத் தண்ணி ஊத்தினோம் மேடம். அப்பவும் செத்துப் போச்சு."

'அப்பவும்' இல்லை சகோதரிகளே, 'அதனாலதான்'. ஏன் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத உறை

மீன் சாப்பிடுகிறது, கழிவு போடுகிறது. மிச்சத் தீனி அடியில் அழுகுகிறது. இந்த இரண்டிலிருந்தும் தண்ணீரில் அம்மோனியா சேர்கிறது. மாட்டுத் தொழுவத்தை இரண்டு நாள் கூட்டாமல் விட்டால் கண்ணைக் கரிக்கும் ஒரு வாடை வருமே, அதுதான் அம்மோனியா. குளத்திலும் ஏரியிலும் தண்ணீர் நிறைய இருப்பதால் அது பரவிப் போய்விடும். தொட்டியில் போக வழியில்லை. தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், உள்ளே மீனின் செவுள் எரிந்துகொண்டிருக்கும்.

இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. தண்ணீரில் சில நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு வகை அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை, செடிக்கு அது உரம்.

இந்த நல்ல பாக்டீரியா வெறும் தண்ணீரில் அதிகம் இருக்காது. ஸ்பாஞ்சில், மணலில், கூழாங்கல்லில், கண்ணாடியில் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழும். பாலைத் தயிராக்க உறை ஊற்றுகிறோம் அல்லவா? அந்த உறை மாதிரிதான் இதுவும். தயிர்ச் சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டால் அடுத்த நாளுக்கு உறை எங்கே இருக்கும்? தொட்டியை மொத்தமாகக் கொட்டிக் கழுவும்போது நாம் செய்வது அதைத்தான். அழுக்கோடு உறையும் சாக்கடைக்குப் போகிறது. மறுநாளிலிருந்து அம்மோனியா ஏறுகிறது, மீன் சாகிறது.

நம் கைக்குச் சுத்தம் பழக்கம். பாத்திரம் பளபளவென்று இருந்தால்தான் நமக்கு மனசு ஆறும். ஆனால் மீன் தொட்டி பாத்திரம் இல்லை. அது ஒரு சின்னக் குளம். குளத்தை யாரும் தேய்த்துக் கழுவுவதில்லை.

கடனை இரண்டாகப் பிரியுங்கள்

உறை ஒரே நாளில் வராது. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். கடைக்குப் போய் தொட்டி, மோட்டார், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே மீனை விட்டால், உறை இல்லாத வீட்டில் மீனைக் குடிவைக்கிறோம். முதல் மாதத்தில் மீன் சாவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

அதனால் குழுக்களுக்கு ஒரு யோசனை. மீன் தொட்டிக்கு உள்கடன் கேட்டால் இரண்டு தவணையாகக் கொடுங்கள். முதல் கூட்டத்தில் தொட்டிக்கும் கருவிக்கும் மட்டும். அடுத்த கூட்டத்துக்குள் தண்ணீர் பக்குவமாகிவிட்டதா என்று பிரதிநிதி ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, மீனுக்கான பணத்தைக் கொடுக்கலாம். இதைத் தீர்மானமாகவே எழுதி வையுங்கள். பெரிய கடன் ஒன்றும் இல்லைதான். ஆனால் சின்னக் கடன் மூழ்கினால் அடுத்த முறை அந்த உறுப்பினர் கேட்கக் கூச்சப்படுவார், குழுவும் கொடுக்கத் தயங்கும்.

அந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியது இதுதான்:

முதல் நாள் மணலையும் கல்லையும் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிப் போடுங்கள். தண்ணீர் நிரப்பி ஏர் பம்பையும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் ஓட விடுங்கள். இரவும் பகலும் ஓட வேண்டும்.

தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி எதற்கு என்று வீட்டில் சிரிப்பார்கள். தீனி அழுகி வரும் அம்மோனியாதான் உறைக்குச் சாப்பாடு.

முதல் பத்து நாளில் தண்ணீர் பால் மாதிரி கலங்கலாம். பயந்து கொட்டிவிடாதீர்கள், தானாகத் தெளியும்.

பக்கத்து வீட்டிலோ வேறு குழுவிலோ நோய் இல்லாமல் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால், அங்கிருந்து பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டோ, ஒரு கைப்பிடி மணலோ கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுங்கள். "அக்கா, கொஞ்சம் உறை குடு" என்று கேட்பது போலத்தான். நாள் குறையும்.

அம்மோனியா பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கும். ஆளுக்கு ஒன்று வேண்டாம், குழுவுக்கு ஒன்று வாங்கினால் போதும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று காட்டினால் மீன் விடலாம். அப்போதும் முதலில் ஐந்தாறு மீன்தான். உறை மீனின் அளவுக்கு ஏற்பத்தான் வளரும்.

தொட்டியும் இடமும்

முதல் முறை வைப்பவர்களுக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி ஏற்றது. மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால், மணல், கல் போக ஏறக்குறைய 45 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சின்னத் தொட்டி சுலபம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் குறையக் குறையச் சீக்கிரம் கெடும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்க மீன் விடுவது பார்க்க அழகு, மீனுக்கு அது சிறை. தங்க மீன் அதிகம் கழிவு போடும் சாதி. சின்னப் பாத்திரம் அதற்குத் தாங்காது.

தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஒரு சிமெண்ட் மூட்டையைவிடக் கனம். ஆட்டம் இல்லாத மேசையோ மேடையோ வேண்டும். கீழே ஒரு தெர்மோகோல் அட்டை போட்டு அதன்மேல் தொட்டியை வையுங்கள். மேடு பள்ளமாக இருந்தால் கண்ணாடி விரிசல் விடும். தண்ணீர் நிரம்பிய தொட்டியை ஒருபோதும் தூக்கக் கூடாது.

ஜன்னல் ஓரம், நேர் வெயில் வேண்டாம். பாசி மண்டும், தண்ணீரும் சூடாகும். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். மேலே மூடி அவசியம். மீன் துள்ளி வெளியே விழாது, பூனையும் கை வைக்காது.

எந்தத் தண்ணீர்?

பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கும் நம் உறைக்கும் அது எமன். வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு முழு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். மேலே மெல்லிய துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டை போடும். அவசரத்துக்குக் குளோரின் எடுக்கும் சொட்டு மருந்து கடையில் கிடைக்கும். அட்டையில் போட்டிருக்கும் அளவுதான், கூடுதலாக ஊற்றக் கூடாது.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் ஆழத்திலிருந்து வருவதால் பிராண வாயு குறைவு. ராத்திரி முழுக்க ஏர் ஸ்டோன் போட்டு வைத்து, காலையில் ஊற்றுங்கள். தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தால் கவலை வேண்டாம். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் நான்குக்கும் கடினத் தண்ணீர் ஒத்துப்போகும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்க்காதீர்கள். மீனுக்குத் தேவையான உப்புச் சத்துக்கள் அதில் குறைவு.

நம் சமவெளி ஊர்களில் ஹீட்டர் பொதுவாகத் தேவையில்லை. 24 முதல் 28 டிகிரி வரை இந்த மீன்களுக்கு நல்லது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலை ஊர்களில் குளிர்காலத்துக்கு ஹீட்டர் வேண்டியிருக்கும். நமக்குக் கவலை கோடைதான். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் பிராண வாயு குறையும், அம்மோனியாவின் விஷமும் கூடும். சித்திரை, வைகாசியில் மீன் எண்ணிக்கையைக் குறைத்து, தீனியையும் குறையுங்கள்.

எத்தனை மீன், எவ்வளவு தீனி?

45 லிட்டர் தொட்டிக்குக் கப்பி அளவு மீன் 15 போதும். "இடம் நிறைய இருக்கே" என்று தோன்றும். இடம் வேறு, தண்ணீரின் தாங்கும் சக்தி வேறு.

தீனி ஒரு நாளைக்கு இரண்டு வேளை. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். வந்த விருந்தாளியை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உபசரிக்கும் கை நமக்கு. மீனிடம் அந்த உபசாரம் வேண்டாம். பட்டினியால் சாகும் வீட்டு மீனைவிட, மிச்சத் தீனி அழுகிச் சாகும் மீன்தான் அதிகம். வீட்டில் ஒருவர் மட்டும் தீனி போடும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை என்றால் கணக்கே இருக்காது. சோறு, பிஸ்கட், ரொட்டி எதுவும் போடாதீர்கள். வாரம் ஒரு நாள் தீனி இல்லாமல் விட்டாலும் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. உறவினர் வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் போவதற்காக மொத்தமாகக் கொட்டிவிட்டும் போகாதீர்கள்.

வாரம் ஒரு குடம்

இனி சுத்தம் செய்யும் முறை. மனதில் வைக்க ஒரே வரி: வாரம் ஒரு குடம் வெளியே, ஒரு குடம் உள்ளே. நம் பிளாஸ்டிக் குடம் ஒன்று தொட்டித் தண்ணீரில் நாலில் ஒரு பங்கு இருக்கும். அதற்குமேல் வேண்டாம்.

1. முதலில் எல்லா சுவிட்சையும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள்.

2. கண்ணாடியில் பாசி இருந்தால், பார்க்கும் முன் பக்கத்தை மட்டும் புது ஸ்பாஞ்சால் துடையுங்கள். பின் பக்கமும் பக்கவாட்டும் அப்படியே இருக்கட்டும். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பவுடர், பிளீச்சிங் எதுவும் தொட்டிக்கு அருகில்கூட வரக் கூடாது.

3. ஆறடி பிளாஸ்டிக் குழாயைத் தண்ணீரால் நிரப்பி, இரு முனையையும் கட்டை விரலால் மூடி, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறு முனையைக் கீழே குடத்திலும் விட்டால் தண்ணீர் தானாக இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம். குழாய் முனையை மணலுக்கு மேல் மெல்ல நகர்த்தினால் கழிவு முழுக்க வந்துவிடும்.

4. தயாராக வைத்த தண்ணீரைச் செம்பு செம்பாக மெல்ல ஊற்றுங்கள். கையை விட்டுப் பார்த்தால் பழைய தண்ணீர், புதுத் தண்ணீர் இரண்டின் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வெளியே எடுத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். கறிவேப்பிலைக்கும் மிளகாய்ச் செடிக்கும் அது நல்ல உரத் தண்ணீர். மருந்தோ உப்போ போட்ட வாரத்தில் மட்டும் செடிக்கு வேண்டாம்.

கருவிகளைக் காப்பது

ஸ்பாஞ்ச் ஃபில்டர்: உறையின் தாய்வீடு இதுதான். குமிழி குறைந்தாலோ, இரண்டு மூன்று வாரம் ஆனாலோ எடுத்து, தொட்டியிலிருந்து இறக்கிய தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை பிழியுங்கள். பழுப்பு நிறம் போகாது, போகவும் கூடாது. குழாயடியில் வைத்துக் கசக்கினால் ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். முடிந்தவர்கள் இரண்டு ஸ்பாஞ்ச் வைத்து, மாற்றி மாற்றி அலசுங்கள்.

ஏர் பம்ப்: இதைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி இறங்கிப் பம்புக்குள் போய்விடும். மேலே வைக்க இடமில்லை என்றால், தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் சின்ன வால்வு ஒன்றைக் குழாயில் பொருத்துங்கள். அம்புக் குறி தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். சத்தம் அதிகமானால் அடியில் மடித்த துணி வையுங்கள். காற்று குறைந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றினால் போதும், புதுப் பம்ப் வாங்க அவசரப்படாதீர்கள்.

கரண்ட் பில் ஏறிவிடும் என்று ராத்திரி பம்பை நிறுத்துகிறவர்கள் உண்டு. கணக்குப் பார்ப்போம். சின்னப் பம்ப் 4 வாட் என்றால், 24 மணி நேரத்துக்கு 96 வாட்-மணி. அதாவது பத்து நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், மாதத்துக்கு மூன்று யூனிட்தான். ராத்திரிதான் தண்ணீரில் பிராண வாயு மிகக் குறைவாக இருக்கும். அப்போது நிறுத்தவே கூடாது.

ஏர் ஸ்டோன்: குமிழி ஒரு பக்கமாக மட்டும் வந்தால் கல் அடைத்துக்கொண்டது. எடுத்து வெந்நீரில் போட்டு வெயிலில் காய வையுங்கள். சரியாகாவிட்டால் மாற்றுங்கள்.

விளக்கு: ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். அதற்குமேல் எரிந்தால் பாசிதான் வளரும்.

வயர்: எந்த வயரும் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக்குக்குக் கீழே தொங்கலாக வளைந்து, பிறகு மேலேற வேண்டும். அப்போது வயர் வழியாக வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. ஒட்டுப் போட்ட வயர் வேண்டாம். பிள்ளைகள் ஆசையாகக் கை விடும் இடம் இது. மீன் போனால் வேறு வாங்கலாம், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கரண்ட் போனால்?

2016 டிசம்பரில் வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அது மாதிரி நேரத்தில் முதல் வேலை தீனியை நிறுத்துவது. இரண்டாவது, அரை மணிக்கு ஒரு முறை ஒரு செம்பு தண்ணீரை மொண்டு, அரை அடி உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை ஊற்றுவது. டீ ஆற்றுகிற மாதிரிதான். காற்று கலக்கும். பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பும் கிடைக்கிறது, பெருமழைக் காலத்துக்கு முன் குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி வைக்கலாம். குறைவாக மீன் விட்டவர் தொட்டி கரண்ட் இல்லாமலும் பல மணி நேரம் தாங்கும். நெருக்கி விட்டவர் தொட்டி தாங்காது.

பெட்டி மாதிரி மூடிய பவர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பல மணி நேரம் நின்றுபோன ஃபில்டரை அப்படியே போட்டால் உள்ளே அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் வரும். ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் விஷம்

காரணம் தெரியாமல் ஒரே இரவில் எல்லா மீனும் செத்தால் அந்த அறையைச் சுற்றிப் பாருங்கள். கொசுவர்த்திச் சுருள், சுவரில் மாட்டும் கொசு திரவம், கரப்பான் ஸ்பிரே இவற்றில் உள்ள மருந்து மீனுக்குக் கடுமையான விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. நாமே ஊட்டிவிடுவது போல ஆகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலைதான் நல்லது.

வயலுக்கு மருந்து கலக்கிய வாளி, மருந்து அடித்துவிட்டு வந்த கை, சோப்பு ஒட்டிய சொம்பு எதுவும் தொட்டிக்கு வேண்டாம். மீனுக்கென்று தனியாக ஒரு வாளி, ஒரு செம்பு, ஒரு கைவலை வைத்து, பெயின்டால் ஒரு மீன் படம் போட்டு வையுங்கள். வீட்டில் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.

மீன் நமக்குச் சொல்லும் அடையாளம்

எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், பிராண வாயு குறைவு அல்லது அம்மோனியா கூடியிருக்கிறது. உடனே தயாராக வைத்த தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள், தீனியை நிறுத்துங்கள், ஃபில்டர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

துடுப்பிலும் உடலிலும் உப்புத் தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தால் அது வெண்புள்ளி நோய். கப்பி, மோலி வகைகளுக்கு 10 லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் கல் உப்பைத் தனியாகக் கரைத்து, ஒரே தடவையாக இல்லாமல் ஒரு நாளில் மூன்று நான்கு முறையாகச் சேருங்கள். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் உப்பு இருக்கட்டும். கிருமி மீன் மேலிருந்து கீழே விழுந்து, அடியில் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். நீல மருந்தான மெத்திலீன் புளூவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், உறையும் செத்துப்போகும். நோயாளி மீனைத் தனி டப்பில் வைத்துத்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் சேருங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டைப் பட்டியில் உடனே சேர்க்காமல் தனியாகக் கட்டிப் பார்ப்பதில்லையா? அதே புத்திதான்.

குட்டியும் வருமானமும்

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன்கள் முட்டை போடாமல் குட்டி போடுபவை. கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஒரு முறை ஆண் மீனோடு சேர்ந்த பெண் மீன், ஆண் இல்லாமலே அடுத்தடுத்துக் குட்டி போடக்கூடியது. தாயே குட்டியைத் தின்றுவிடும் என்பதால் ஒளிந்துகொள்ள வேலம்பாசியோ, பிரித்துக் கட்டிய நைலான் கயிற்றுக் கொத்தோ போடுங்கள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டி, ஊசி முனை அளவு கொடுத்தால் குட்டி வளரும். மிச்சம் விழுந்தால் தண்ணீர் உடனே கெடும், ஜாக்கிரதை.

குட்டி நிறைய வந்ததும் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைத்திருந்தால் எல்லாம் போகும். இன்னொரு தொட்டியோ டப்போ தயார் செய்யுங்கள். அதற்கும் பழைய தொட்டியிலிருந்து உறை எடுத்துப் போடுங்கள். விற்பதற்கு முன் கடைக்காரரிடம் எந்த நிறம், எந்த அளவு வேண்டும் என்று கேட்டு வைப்பது நல்லது.

பெரிதாகச் செய்ய நினைப்பவர்கள், 2020-இல் தொடங்கிய மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப் புழக்கடை வண்ண மீன் வளர்ப்பும் இடம்பெற்றது என்பதையும், அதில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் வைக்கப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஆண்டு எந்தத் திட்டம் நடப்பில் உள்ளது என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு மனு கொடுங்கள். யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு தொட்டியை ஆறு மாதம் உயிரோடு நடத்திக் காட்டியவர்தான் பத்துத் தொட்டிக்குக் கடன் கேட்க வேண்டும்.

வேண்டாத மீனைக் குளத்தில் விடாதீர்கள்

'தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்' என்று விரல் நீளத்தில் சக்கர் மீனை விற்பார்கள். அது ஒரு அடிக்கு மேலும் வளரும். இடம் போதாமல் ஏரியிலும் குளத்திலும் கொண்டுபோய் விட்டவர்களால் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. வலையைக் கிழிக்கிறது, நம் நாட்டு மீனின் இரையைத் தின்கிறது, சந்தையில் வாங்க ஆளில்லை. ஏரி மீனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் கூட்டமைப்பிலும் இருக்கின்றன. நம் வீட்டு அழகு அடுத்த வீட்டு அடுப்பை அணைக்கக் கூடாது. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வேறு உறுப்பினருக்குக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் மீன் தொட்டி வைத்து நின்றுபோனவர் யார்? தண்ணீரை எப்படி மாற்றினார்? கேலி செய்யாமல் கேளுங்கள்.

2. மீன் தொட்டிக் கடனை இரண்டு தவணையாகக் கொடுக்கத் தீர்மானம் போடலாமா?

3. குழுவுக்கு ஒரு அம்மோனியா சோதனைப் பெட்டி, ஒரு பேட்டரி பம்ப் வாங்க எவ்வளவு ஆகும்? விலை விசாரித்து வரும் பொறுப்பு யாருக்கு?

4. நம் பகுதியில் 'உறை' கொடுக்கத் தயாராக, நோய் இல்லாத நல்ல தொட்டி யார் வீட்டில் இருக்கிறது? பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

காலித் தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளே, அதிலிருக்கும் வெங்காயத்தை எடுத்துக் கூடையில் போடுங்கள். வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். நல்ல தொட்டி வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் உங்கள் தண்ணீர் பக்குவமாகத் தொடங்கியிருக்கும். மீனை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.